கிருமிகளுக்கு ஆறு விசில்

ஜெரால்டு ராஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதோ வேலை பார்ப்பாய். எனக்கும் பாதியில் தைரியம் போய்விடும், ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். காகிதத்தில் அப்படி மாற்ற முடியாது. உட்கார்ந்து படி. பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அப்பா நன்றாக இருக்கிறார். கல்யாண மண்டபத்துக்காரரோடு இரண்டு தரம் சண்டை போட்டுவிட்டு இப்போது தூங்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில், மெர்சியின் வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் கிருமிகளைக் குக்கரில் வேகவைத்த கதையை நீ சொன்னாய். நன்றாகவே சொன்னாய். மெர்சியின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம் சம்பந்தியம்மா, தெரியாமதான செஞ்சாங்க” என்றார்கள். நீயும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, “ஆமாங்க, தெரியாமதான்” என்றாய். அப்போது என் வாயில் பாதி லட்டு இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நான் வெட்கப்படுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு இந்தக் கதையை மெர்சி சொல்வாள், நாளைக்கு உன் பிள்ளைகள் சொல்லும். அதற்குள் அதிலுள்ள ஒரு சொல்லை நான் திருத்தியாக வேண்டும். அதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

காலடிப்பேட்டைப் பள்ளியில் நான் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். குடுவை கழுவுவது, ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவது, ஆசிட் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது, இவையெல்லாம் என் வேலை என்று உனக்குத் தெரியும். தெரியாத வேலை ஒன்று உண்டு. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு உப்பைக் கொடுத்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பும்போது நான் இந்தப் பக்கம் மூக்கைத் தொட்டால் அது அம்மோனியம். வளையலை மேலே தள்ளினால் செம்பு. தலையைச் சொறிந்தால் ஈயம். துத்தநாகத்துக்கு ஒரு இருமல். ஒவ்வொரு வருடமும் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பாடத்தைவிட இதைத்தான் நன்றாக மனப்பாடம் செய்தார்கள். இதை நான் ஒரு நாளும் தப்பென்று நினைத்ததில்லை. பிள்ளைகள் பாஸாக வேண்டும், அதற்குச் சரியான விடை வேண்டும், அது என்னிடம் இருந்தது. கொடுத்தேன். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைப்போலத்தான் நினைத்தேன்.

நீ எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, “அம்மா, ஸ்கூல் பசங்களுக்கு சிந்தெடிக் பயாலஜி சொல்லித்தரணும்னு காலேஜ்ல பேசிகினு கீறோம். ஒங்க ஸ்கூல்ல பண்ணலாமா?” என்று கேட்டாய். ‘அது இன்னாடா’ என்று உன் அப்பா கேட்டார். ஒரு உயிரிலிருக்கிற ஜீனை எடுத்து இன்னொரு உயிரில் வைத்து, நமக்கு வேண்டிய வேலையை அதைச் செய்ய வைப்பது என்று நீ சொன்னாய். ஈஸ்ட்டிலிருந்து ஒரு ஜீனை எடுத்துச் சாதாரணக் கிருமிக்குள் வைத்தால், அந்தக் கிருமி வாழைப்பழ வாசனை விடும், அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம் என்றாய். உன் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, “வாழப்பழ வாசன தான வேணும்? மார்க்கெட்டாண்ட ஒரு சீப்பு வாங்கினு போயி டேபிள் மேல வெச்சிடு. அதுக்கு இன்னாத்துக்குடா கிருமி?” என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு எல்லாமே நேர் வழிதான்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வாசலில் கரும்பலகை வைத்து ‘செயற்கை உயிரியல் முகாம்’ என்று எழுதிவிட்டார்கள். முகாம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தெருவிலிருந்து நான்கு தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு ஊசி போட வந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு அரைமணி நேரம் ஆனது. இது நடப்பதற்கு முதல்நாள்தான் நான் உன்னிடம், “அங்க வந்து நான் ஒங்கம்மான்னு மூச்சு வுடாத” என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? “இதுல இன்னாமா கீது?” என்று நீ கேட்டாய். ‘சொன்னா கேளு’ என்றேன். அட்டெண்டர் பிள்ளை என்று தெரிந்தால் டீச்சர்கள் உன் பேச்சை அரைக்காதில் கேட்பார்கள் என்று எனக்குப் பயம். நீ இரண்டு தரம் மறுத்தாய். நான் மூன்றாம் தரம் அழுகிறமாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். நீ சரி என்றாய். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

வியாழக்கிழமை நீ வந்தாய். ஒரு கையில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே நாற்பது வாட் பல்பு, கோழிக்குஞ்சுக்கு வைப்பதைப்போல. இன்னொரு கையில் நம் வீட்டுப் பழைய குக்கர். வேலை முடிந்ததும் கிருமிகளை அதில் வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் கொட்ட வேண்டும் என்றாய். கைப்பிடியில் உன் அப்பா சுற்றிய பச்சை ஒயர் அப்படியே இருக்கிறது. அதில் இருபது வருடம் பருப்பு வேகவைத்தவள், முதல்முறையாகப் பார்ப்பதைப்போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கி வைத்தேன். பிளஸ் ஒன் பிள்ளைகள் நாற்பது பேர். சுவரில் ஸ்விட்சு போட்டால் பல்பு எரிவதைப்போல ஜீனுக்கும் ஸ்விட்சு உண்டு, பல்பும் உண்டு, அவற்றை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு என்று நீ சொன்னாய். எனக்கே புரிந்தது. அத்தனை வருடம் அந்த அறையில் நின்றிருக்கிறேன், ஒரு பாடம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

முன்பெஞ்சில் செல்வி இருந்தாள். திருவொற்றியூர் குப்பத்துப் பெண், அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தொடாமலே இது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுகிற மூக்கு அந்தப் பெண்ணுக்கு. அவள் எழுந்து, “அண்ணா, மணலி பேக்டரிலேந்து ஒரு கேஸ் நாத்தம் வருதே, அத்த வாழப்பழ வாசனயா மாத்துற கிருமி பண்ண முடியுமா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. “மாத்துறது கஷ்டம். அந்த கேஸ் வந்தா செவப்பா மாறுற கிருமி பண்ணலாம். காட்டிக் குடுத்துரும்” என்றாய். “காட்டிக் குடுத்தா மட்டும் யாருண்ணா கேக்கப் போறாங்க?” என்றாள் அவள். நீ பதில் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் பேச்சை மாற்றி, “அண்ணா, ஒங்க வூடு எங்க கீது?” என்றாள். ‘ராயபுரம்’ என்றாய். “ஒங்கம்மா இன்னா பண்றாங்க?” நீ ஒரு நொடி என் பக்கம் பார்த்தாய். நான் ஆறடி தூரத்தில் டெஸ்ட் ட்யூப் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “அம்மா வீட்லதான் இருக்காங்க” என்றாய்.

நான்தான் சொல்லாதே என்றேன். நீயும் சொல்லவில்லை. நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தட்டில் பன்னிரண்டு ட்யூபும் கடகடவென்று ஆடின. ஆறில் A என்று ஸ்டிக்கர், அவற்றில் ஜீன் வைத்த கிருமி. ஆறில் B, அவற்றில் ஜீன் இல்லாத வெறும் கிருமி. நீ சூப்பு மாதிரி ஒரு தண்ணீரை ஊற்றி எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பல்பைப் போட்டுவிட்டு, என்னிடம் மரியாதையாக, “பாத்துக்குங்க மேடம்” என்றாய். நீ பிறந்ததிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட்டது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் ‘எப்படிமா இருந்துச்சு’ என்று கேட்டாய். ‘ம்’ என்றேன். களைப்பு என்று நினைத்திருப்பாய்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது வருகிறது. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நான் லேபைத் திறந்தேன். கக்கூஸ் நாற்றம் அடித்தது. பெட்டிமேல் நீ ஒரு காகிதம் ஒட்டியிருந்தாய். அதைப் பிறகுதான் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். முதலிலேயே பார்த்தேன். உன் கையெழுத்தில் மேலே, கோடிட்டு, ‘லேப் அட்டெண்டர் கவனத்துக்கு’ என்று எழுதியிருந்தது. அந்த மூன்று சொல்லைப் படித்தேன். அதற்குக் கீழே நான்கு வரி இருந்ததும் தெரிந்தது. படிக்கவில்லை. ‘அட்டெண்டருக்குத்தானே எழுதியிருக்கான், அம்மாவுக்கு இல்லையே’ என்று ஒரு நினைப்பு. சிரிக்காதே, அப்படித்தான் நினைத்தேன். கெட்டுப்போனதைக் கழுவி வைப்பது அட்டெண்டர் வேலை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு ட்யூபையும் குக்கரில் அடுக்கி அடுப்பில் வைத்தேன். மூன்று விசிலுக்கு அணைத்திருக்கலாம். கோபம் ஆறவில்லை. ஆறு விட்டேன்.

விசில் நின்றதும் கோபமும் நின்றுவிட்டது. அப்போதுதான் மீதி நான்கு வரியைப் படித்தேன். ‘பெட்டியைத் திறக்க வேண்டாம். B ட்யூபில் நாற்றம் வருவது இயல்பு. A ட்யூபில் வாழைப்பழ வாசனை வரும். வகுப்பு முடிந்த பிறகு மட்டும் குக்கரில் வைக்கவும்.’ குக்கரைத் திறந்து பார்த்தால் உன் கிருமிகளெல்லாம் திரிந்த பாலைப்போலக் கிடந்தன. மோந்து பார்த்தேன். வெந்த வாசனைதான். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் வேறு பக்கத்துப் பள்ளி டீச்சர்களை அழைத்திருந்தார்கள். உன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றும்? இருபது வருடமாக என்ன தோன்றியதோ அதுதான். சரியான விடையைக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து அறை மனையியல் லேப், கேக் செய்யும் அலமாரியின் சாவி என் இடுப்பில். வனிலா, பைனாப்பிள், பனானா என்று மூன்று எசன்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஆண்டவரே எனக்காக அடுக்கி வைத்ததைப்போல இருந்தது. ட்யூபுக்கு இரண்டு சொட்டு. அதுவும் ஒரு வஞ்சனையும் இல்லாமல், A என்றும் B என்றும் பார்க்காமல், பன்னிரண்டுக்கும் சமமாக விட்டு, பெட்டிக்குள் திருப்பி வைத்தேன்.

பத்தரைக்கு நீ பெட்டியைத் திறந்தாய். மீதி உனக்குத் தெரியும், ஆனாலும் என் இடத்திலிருந்து ஒருமுறை பார். முதல் A ட்யூபைக் கையில் வாங்கிய பெண், “ஐயோ, கேக்கு கடை மாதிரி கீது!” என்று கத்தினாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மோந்து பார்த்துவிட்டு, “அற்புதம்! அசல் வாழைப்பழமே தோற்றது” என்றார்கள். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்போது செல்வி B ட்யூபை மூக்கிலிருந்து எடுக்காமலே, “அண்ணா, இதுல ஜீன் போடலன்னு தான சொன்னீங்க? இதுவும் அதே வாசன தான் அடிக்குது” என்றாள்.

நீ ஸ்டிக்கர் மாறிப்போயிருக்கும் என்றாய். ஆறும் மாறுமா என்று யோசித்து அதை விட்டாய். பிறகு, ஜீன் ஒரு ட்யூபிலிருந்து இன்னொரு ட்யூபுக்குத் தாவியிருக்குமோ என்று சொல்லிக்கொண்டே போர்டில் அம்புக்குறி போட ஆரம்பித்தாய். சாக்பீஸ் உடைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் என் இரண்டு சொட்டு எசன்ஸுக்கு நீ புதிதாக ஒரு விஞ்ஞான விதியே எழுதியிருப்பாய். செல்விதான் தடுத்தாள். “அண்ணா, வாசனய கிருமியே பண்ணுதுன்னா, இதுலேந்து ஒரு துளி எடுத்து புது சூப்புல போட்டா அங்கயும் பண்ணும்ல? வெளிய இருந்து வந்த வாசனன்னா பண்ணாதுல்ல?” நீ அவளையே பார்த்தாய். பிறகு மெதுவாக, “கரெக்ட். போடலாம். திங்கக்கிழம பாப்போம்” என்றாய். தப்பாகப் போன வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிக் கேட்டதே போதும், அன்றைக்கு நீ துள்ளியிருக்க வேண்டும். ஆனால் நீ தோற்றுப்போனவனைப்போல இறங்கிப் போனாய்.

மதியம் நான் தொட்டியில் ட்யூப் கழுவிக்கொண்டிருந்தபோது செல்வி தனியாக வந்தாள். “அக்கா, ஒங்க கைய குடுங்க” என்றாள். கொடுத்தேன். மோந்தாள். “ரெண்டு சொட்டா, மூணா?” என்றாள். யோசிக்காமல் “ரெண்டு” என்று சொல்லிவிட்டேன். ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவள் சிரிக்கவில்லை. “யாராண்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா நோட்டுல இன்னா எழுதறது?” என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. “A-ல வாழப்பழ வாசன, B-ல நாத்தம்னு எழுதிரு. அதான் சரியான ஆன்சர்” என்றேன். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “பென்சில்ல எழுதிக்கிறேன்க்கா” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நீ வறுத்த நெத்திலியைத் தொடவில்லை. உன் புரொபசர் போனில், முதலில் ட்யூபை ஒழுங்காகக் கழுவக் கற்றுக்கொள் என்று சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் குத்தியது, கழுவியது நான்தானே. உன் அப்பா வேறு, “ஒரு சீப்பு போதும்னு அப்பவே சொன்னேன்” என்று நெத்திலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாயங்காலம் நான் கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைக் குருவானவரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். “சாமி, கிருமிங்கள வேக வெச்சிட்டு அதுல எசன்ஸ் ஊத்திட்டேன்” என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, “யாருக்காவது சாப்பிடக் கொடுத்தியாம்மா?” என்று கேட்டார். “இல்ல சாமி, மோந்து பாக்கக் குடுத்தேன்.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வயதான குருவானவர், எத்தனையோ பாவங்களைக் கேட்டவர், இது எந்தக் கட்டளையில் வருகிறது என்று தேடியிருப்பார் போல. முழுக் கதையையும் சொன்னேன். “பொய்சாட்சிதான். ஆனா என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லு, அப்புறம் அந்தப் பையன்கிட்ட சொல்லு” என்றார். மூன்றுக்குப் பதில் முப்பது சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை புது ட்யூபுகளை நீ வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். குடிதண்ணீரைப்போலத் தெளிவாக இருந்தன. ஒன்றும் வளரவில்லை. “வாசன இல்லாம இருந்தா பரவால்ல. உயிரே இல்லயே. எல்லாம் எப்டி செத்துப்போச்சு?” என்று நீ உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கரண்ட் போயிருக்கும் என்றாள் ஒருத்தி. மணலி காற்று என்றாள் இன்னொருத்தி. செல்வி மட்டும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அந்தப் பென்சில் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டைக் கீழே வைத்தேன். “நான்தான் குக்கர்ல வெச்சேன். அப்பறமா எசன்ஸ் ஊத்துனேன்” என்றேன். முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண், “ஐய, நீங்க எதுக்குக்கா ஊத்துனீங்க?” என்றாள். “எம்புள்ள கிளாஸு கெட்டுப்போவக் கூடாதுன்னு தான்!” என்று கத்திவிட்டேன்.

“யாரு புள்ள?” என்று நாற்பது பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பின்பெஞ்சுக்காரி ஒருத்தி என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, “அட, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு! அண்ணா, அம்மா வூட்லதான் கீறாங்கன்னு சொன்னீங்களே?” என்றாள். அறையே அதிர்ந்தது. நீ போர்டுக்குப் பக்கத்தில் கையில் சாக்பீஸோடு நின்றாய். காது இரண்டும் சிவந்திருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நீ என்னை என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ, “ஆமா. எங்கம்மாதான்” என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, “எத்தன விசில்மா?” என்றாய். “ஆறு.” நீ திரும்பி போர்டில் எழுதினாய்: ‘A, B இரண்டும்: ஆறு விசில். எசன்ஸ்: இரண்டு சொட்டு. சேர்த்தவர்: என் அம்மா.’ பிள்ளைகளைப் பார்த்து, “பேனால எழுதுங்க. நடந்தது இதான்” என்றாய். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் நீ புதிதாகக் கொண்டுவந்தபோது பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் மூன்று பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள், ஓட்டுப் பெட்டிக்குச் சீல் வைப்பதைப்போல. என்னைப் பெட்டிக்கு ஐந்தடி தள்ளியே நிற்க வைத்தார்கள். மறுநாள் திறந்தபோது அசல் வாசனை வந்தது. எசன்ஸில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. “நெயில் பாலீஷ் மாதிரி கீது” என்றாள் ஒருத்தி. “மஞ்ச முட்டாய்” என்றாள் இன்னொருத்தி. ஹெட்மிஸ்ட்ரஸ் அவசரத்தில் B ட்யூபை மூக்கில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள். போன வாரம் வாசனை இன்னும் தூக்கலாக இருந்ததே என்று பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். செல்வி A-யை மூன்று தரம் மோந்தாள், B-யை ஒரு தரம். பிறகு பழைய பக்கத்தைத் திருப்பி ரப்பரால் தேய்த்தாள். தேய்த்த தூளை ஊதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வருடச் செய்முறைத் தேர்வில் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகளிடம் முன்கூட்டியே, இனிமேல் நான் ஒரு கல்தூண், என்னைப் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பதினொரு மணிவாக்கில் ஆசிட் புகையில் என் மூக்கு அரித்தது. அறியாமல் தேய்த்துவிட்டேன். நான்கு பேர் அம்மோனியம் என்று எழுதினார்கள். அதில் இரண்டு பேருக்கு உண்மையில் செம்பு. பேப்பரைக் கொடுக்கும் முன்னால் அவர்களே உப்பின் நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மறுபடி செய்து திருத்திக்கொண்டார்கள். நீலநிற உப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மோனியம் என்று எழுத வைத்தேனே, இத்தனை வருடமாக நான் இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தோன்றியது.

ஆக, அன்று வகுப்பில் நான் ஒப்புக்கொண்டதெல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. திங்கட்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நீ, “ஏம்மா குக்கர்ல வெச்ச?” என்று கேட்டாய். “நாறுச்சுடா, கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்” என்றேன். நீ உடனே நம்பினாய். நம்பியதோடு நிற்காமல், “நான்தான் ஒனக்கு சரியா சொல்லித்தரல” என்று பழியை உன்மேல் போட்டுக்கொண்டாய். நான் ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் தெரியாமல் செய்யவில்லை, ராஜா. தெரிந்துகொள்ள மறுத்துவிட்டுச் செய்தேன். உன்னிடம் ஒன்றைச் சொல்லாதே என்று கெஞ்சிவிட்டு, நீ சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு, அந்தக் கோபத்தை ஒன்றும் அறியாத கிருமிகள்மேல் காட்டினேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி சொல்ல வேண்டுமாம். என்னிடம் அதிகமில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு, வேண்டும் என்று மனதில் காத்திருக்கிற ஆட்கள் உலகத்தில் உண்டு. உன் அம்மா அந்த ரகம். மெர்சி எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. நீயே பொறுமையாகப் பார்த்துத் தெரிந்துகொள், நான் சைகை காட்டமாட்டேன். ஆனால் நீ அந்த ரகமாக ஆகிவிடாதே. மனதில் குத்தினால் அன்றைக்கே, ‘குத்துது’ என்று சொல்லிவிடு. சின்ன விஷயம்தானே என்று விட்டால் அதற்கு மூடி போட, அந்த மூடிக்கு இன்னொரு மூடி போட என்று போய்க்கொண்டே இருக்கும். நான் ‘அம்மா வீட்ல இருக்காங்கன்னு சொன்னியேடா, கஷ்டமா இருந்துச்சு’ என்று வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு வரி சொல்லியிருந்தால், நீ சிரித்திருப்பாய், நானும் சிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்கும் மெர்சிக்கும் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று குருவானவர் மைக்கில் கேட்பார். அப்போது பயத்தில் எழுந்து நின்று நானே ஏதாவது உளறிவிடுவேனோ என்றுதான் அதற்கு முன்னால் எழுதி அனுப்புகிறேன். நீ பெங்களூரில் சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி, காலையில் நேரே கோயிலுக்கு வருவதாகச் சொன்னாய். கோபம் இருந்தால் கடிதத்தில் காட்டாதே, போனிலும் காட்டாதே. பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வா. உன் அப்பா அன்றைக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிவரை நீயும் நானும்தான். வஞ்சிரம் வாங்கி வைத்திருப்பேன். முதலில் சாப்பிடு, வெறும் வயிற்றில் கத்தினால் உனக்குத் தலைவலி வரும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். சாப்பிட்டபிறகு திட்ட மனசு வரவில்லை என்றால், அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் அம்மா